கைகாட்டினால் நிற்கும் வண்டி: மலாக்காத் தமிழரும் சிறு நிறுத்தங்களும்



இப்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் பேசப்படுவது வழக்கம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓர் இரயில் நிறுத்தம். அதுவும் பெரிய சந்திப்பன்று; நடைமேடையும் சீட்டறையும் இல்லாத, ஒரு கம்பமும் ஒரு பெயர்ப்பலகையும் மட்டுமே உள்ள சின்னஞ்சிறு நிறுத்தம். மொழி மன்றத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம் மாநிலத்துத் தமிழ் இன்று நிற்கும் நிலையைச் சொல்ல, இதைவிடப் பொருத்தமான பொருள் நமக்குக் கிடைக்கவில்லை. அது எவ்வாறு என்பதைப் படிப்படியாக விளக்க முயல்வோம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

இரயில் பாதைகளில் இருவகை இடங்கள் உண்டு. ஒருவகை இடத்தில் ஏறுவோர் இருப்பினும் இல்லாவிடினும் வண்டி நின்றே செல்லும். மற்றொரு வகை இடத்தில் எவரேனும் கேட்டால்தான் நிற்கும். ஏற விரும்புவோர் பாதையோரம் நின்று கைகாட்ட வேண்டும். இறங்க விரும்புவோர் நடத்துநரிடம் முன்னரே சொல்லிவைக்க வேண்டும். கேட்பார் இல்லையெனில் வண்டி வேகத்தைச் சற்றுத் தணித்துக் கடந்துவிடும்.

முதல்வகையை நாம் நிலையம் என்கிறோம். அச்சொல்லைக் கேட்டதுமே நிலைத்திருப்பது என்ற எண்ணம் நம் நெஞ்சில் எழுகிறது. இரண்டாம் வகைக்கு நிறுத்தம் என்ற சொல் பொருந்தும். நில் என்பது தன்வினை. நிறுத்து என்பது பிறவினை. நிறுத்தம் என்ற சொல்லுக்குள்ளேயே நிறுத்துகின்ற ஒருவர் இருக்கிறார். வண்டி தானாக நிற்பதில்லை. யாரோ ஒருவர் அதை நிறுத்துகிறார்.

தமிழ் வழங்கும் நாடுகள் ஒவ்வொன்றும் இவ்விடங்களுக்குத் தத்தம் சொற்களைக் கொண்டுள்ளன. இலங்கைத் தமிழர் தரிப்பிடம் என்பர். நிலையப் பொறுப்பாளரை நிலைய அதிபர் என்பர். தமிழ்நாட்டில் சிறு நிறுத்தங்களை ஹால்ட் என்றே மக்கள் அழைக்கின்றனர். அவற்றுள் பலவற்றில் இரயில்வே ஊழியர் எவரும் இரார், தரகு பெறும் முகவர் ஒருவரே பயணச்சீட்டு விற்பார். நம் மலாயாத் தோட்டத் தமிழிலோ தண்டவாளப் பாதைக்குக் கம்பிச் சடக்கு என்று பெயர். சடக்கு என்பது வடநாட்டிலிருந்து வந்து, நம் நாட்டில் சாலைக்கு ஆகிவந்த சொல். அதனோடு கம்பியைச் சேர்த்து, எந்தக் கலைச்சொல் குழுவின் துணையும் இன்றி, நம் முன்னோர் தமக்குரிய சொல்லைத் தாமே ஆக்கிக்கொண்டனர்.

கேட்டால் நிற்கும் இடத்துக்கு நாம் கைகாட்டு நிறுத்தம் என்ற பெயரை முன்மொழிகிறோம். கைகாட்டி என்பது பழைய இரயில்வேயில் சமிக்ஞை மரத்துக்கு மக்கள் இட்ட பெயர். அங்கே மரத்தின் கை விழுந்தது. இங்கே மனிதரின் கை எழுகிறது. இரண்டும் ஓட்டுநருக்குச் சொல்லும் செய்திகளே.

மலாக்காவின் கம்பிச் சடக்கு

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். மலாயாவின் முதல் இரயில் 1885-ஆம் ஆண்டு தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஓடியது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதே அதன் முதல் வேலை. அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வரவழைக்கப்பட்டது. அதன்பின் வந்த பாதைகள் பலவற்றில் மண் வெட்டியோரும் சல்லி கொட்டியோரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர். கணக்கெழுதியோரும் கொடியசைத்தோரும் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழர். கோலாலம்பூரில் செந்தூல் இரயில்வே பட்டறையைச் சுற்றி ஒரு தமிழ்க் குடியிருப்பே வளர்ந்தது.

மலாக்காவுக்கு இரயில் 1905-இல் வந்தது. தலைப்பாதை சிரம்பானிலிருந்து கிம்மாஸ் நோக்கி நீண்டபோது, தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப்பாதை போடப்பட்டது. காலத்தைக் கவனிக்க வேண்டும். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதன்முதலாகப் பயிரிடப்பட்டது மலாக்காவில்தான். 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கிவைத்தார். இரயில் வந்த காலமும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலமும் ஒன்றாக அமைந்தன. பால்மரக் காட்டின் இடையே கம்பிச் சடக்கு போயிற்று. கப்பலில் வந்திறங்கிய குடும்பங்கள் கங்காணியின் பின்னே லயங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. புக்கிட் லிந்தாங்கில் இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளி இருப்பது அவ்வரலாற்றின் எச்சமாகும்.

ஆனால் இன்று மலாக்கா நகரில் இரயில் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அக்கிளைப்பாதையின் தண்டவாளங்களைக் கழற்றினர். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளப் பாதை போட அவர்களுக்கு இரும்பும் வேண்டியிருந்தது, ஆளும் வேண்டியிருந்தது. இரும்பை நம் பாதைகளிலிருந்து எடுத்தனர். ஆளை நம் தோட்டங்களிலிருந்து எடுத்தனர். 1943 அக்டோபரில் அப்பாதை முடிவதற்குள், மலாயாவிலிருந்து சென்ற தமிழருள் பல்லாயிரவர் நோயாலும் பசியாலும் அடியாலும் மாண்டனர். நாட்டின் கிழக்குக்கரைப் பாதையிலும் தண்டவாளங்கள் அவ்வாறே கழற்றப்பட்டன. போருக்குப்பின் அவை மீண்டும் போடப்பட்டன. மலாக்காக் கிளைப்பாதை மீளவேயில்லை.

அவ்வண்டியில் ஏறிப் பயணம் செய்தவர்கள் இன்று இருப்பார்களாயின், அவர்களுக்கு எண்பது வயதுக்குக் குறையாது. எந்தத் தோட்டத்தார் எங்கே நின்று வண்டியேறினர், அவ்விடத்தைத் தமிழில் எவ்வாறு அழைத்தனர் என்பன போன்ற செய்திகள் அவர்களோடு போய்விடும். நாம் இங்கே கூடியிருப்பதன் அவசரம் இதுதான்.

நின்ற வண்டி நில்லாமல் போன காரணம்

கிளைப்பாதை மறைந்தாலும் தலைப்பாதை மலாக்கா மாநிலத்தின் வடபகுதியைத் தொட்டே செல்கிறது. புலாவ் செபாங், தெபோங், பத்தாங் மலாக்கா ஆகிய ஊர்கள் அதன்மேல் அமைந்தவை. இவற்றுள் முதல் ஊரின் நிலையத்துக்கு நெடுங்காலம் தம்பின் என்றே பெயர் இருந்தது. தம்பின் நெகிரி செம்பிலானைச் சேர்ந்த ஊர். நிலையம் நிற்கும் மண்ணோ மலாக்கா மாநிலத்து அலோர் காஜா மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று பலகையில் புலாவ் செபாங், தம்பின் என இரு பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன. ஓர் ஊர் தன் பெயரைக் கேட்டுப் பெற்றது என்பதற்கு அப்பலகை சான்று. பெயர் சிறிய பொருளன்று என்பதை நம் அண்டை அயலார் நன்கறிவர்.

ஒற்றைத் தண்டவாளம் இருந்த காலத்தில் சிறு நிலையங்களுக்கு ஒரு வேலை இருந்தது. எதிரெதிரே வரும் இரு வண்டிகள் ஒன்றையொன்று கடக்க, ஆங்காங்கே கிளைத் தண்டவாளம் தேவைப்பட்டது. ஒரு வண்டி ஒதுங்கி நிற்க, மற்றொன்று போகும். நிற்கத்தான் வேண்டும் என்னும்போது, ஆள் ஏறுவதும் கோழிக்கூடை ஏறுவதும் பெரிய செலவாகத் தோன்றவில்லை. காட்டோர ஊர்களில் வண்டி நின்றமைக்கு இதுவும் ஒரு காரணம்.

சிரம்பான் முதல் கிம்மாஸ் வரையிலான பாதை இரட்டைத் தண்டவாளமாகவும் மின்மயமாகவும் மாற்றப்பட்டு 2013-இல் நிறைவுற்றது. அப்பணியைச் செய்தது இந்திய அரசு நிறுவனமான இர்கான் என்பது இப்பாதையின் வரலாற்றில் ஒரு சுவையான திருப்பம். 2015-இல் மின்தொடர் வண்டிகள் கிம்மாஸ் வரை ஓடத் தொடங்கின. அவை மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் வரை செல்லக்கூடியவை. 25,000 வோல்ட் மின்கம்பி மேலே செல்வதால், பாதையின் இருபுறமும் வேலி வேண்டியதாயிற்று. தண்டவாளத்தைக் குறுக்கே நடந்து கடந்தவர் மேம்பாலம் ஏற வேண்டியவராயினர். வண்டியின் தரைமட்டத்துக்கு உயர்ந்த நடைமேடை இருந்தால்தான் கதவு திறக்கும். எதிர்வண்டிக்காகக் காத்துநிற்கும் தேவையும் நீங்கிற்று.

இத்தகைய பாதையில் கைகாட்டு நிறுத்தம் இருக்க இயலாது. அவ்வேகத்தில் வரும் ஓட்டுநர் பாதையோரம் எழும் கையைக் கண்டு தடை போட்டாலும், வண்டி நிற்பதற்குள் அவ்விடத்தை வெகுதூரம் தாண்டியிருக்கும். ஆகவே, தெபோங் போன்ற ஊர்களை இன்றைய மின்தொடர் வண்டி நில்லாமல் கடப்பதை எவர் செய்த தீங்கென்றும் நாம் சொல்லப் புகவில்லை. புலாவ் செபாங்கில் ஏறிக் கோலாலம்பூர் செல்லும் மாணவர்க்கும் தொழிலாளர்க்கும் இப்பாதை பெரும் நன்மை செய்துள்ளது. ஆயினும், பெரிய நன்மை ஒன்று வரும்போது சிறிய இடங்கள் அட்டவணையிலிருந்து விழுந்துவிடுகின்றன. விழுந்ததை எவரும் எழுதிவைப்பதில்லை. நாம் குறிக்க விரும்புவது இதனையே.

கடலுக்கு அப்பால் ஒரு சிறு தீவு

மின்சார இரயிலும் கைகாட்டு நிறுத்தமும் சேர்ந்து வாழவே முடியாதா? முடியும் என்று காட்டும் இடம் ஒன்று உண்டு. அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கடலில் மேன் தீவு என்றொரு சிறு தீவு இருக்கிறது. மக்கள்தொகை ஒரு இலட்சத்தையும் எட்டாது. அங்கே 1893-இல் டக்ளஸ் நகரிலிருந்து ஒரு மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1894-இல் லாக்ஸி வரையிலும், 1899-இல் ராம்சி வரையிலும் அது நீண்டது. மொத்த நீளம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். நம் மலாக்காக் கிளைப்பாதையைவிடச் சற்றே குறைவு. தண்டவாள அகலம் 914 மில்லிமீட்டர். நம்முடையது 1,000 மில்லிமீட்டர். 1893-இல் வாங்கிய பெட்டிகளுள் சில இன்றும் அதே பாதையில் ஓடுகின்றன.

அப்பாதை நெடுகக் கைகாட்டு நிறுத்தங்கள் உள்ளன. ஒரு பண்ணை வீட்டுக்குச் செல்லும் சந்து, ஒரு குறுக்குச் சாலை, கடலைப் பார்த்த ஒரு மேடு ஆகிய இடங்களில் ஒரு பலகை இருக்கும். அங்கே நிற்பவர் ஓட்டுநருக்குத் தெரியும்படி கையை நீட்ட வேண்டும், வண்டி நிற்கும். இது எவ்வாறு இயலுகிறது எனில், வண்டி இலேசானது, டிராம் போன்றது. 550 வோல்ட் மின்சாரத்தில் மெல்ல ஓடுகிறது. தாழ்ந்த படிப்பலகை இருப்பதால் நடைமேடை வேண்டாம், தரையிலிருந்தே ஏறலாம். நடத்துநர் வண்டிக்குள்ளேயே சீட்டுத் தருவதால் சீட்டறையும் வேண்டாம். அந்த நிறுத்தத்தை வைத்துக்கொள்ள ஆகும் செலவு மிகக் குறைவு. ஆகவே ஒரே ஒருவருக்காகவும் அதை வைத்துக்கொள்ள முடிகிறது.

இத்தீவை நாம் இங்கே எடுத்துரைப்பதற்கு இரயிலைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அத்தீவுக்குத் தனக்கென ஒரு மொழி இருக்கிறது. மாங்ஸ் என்பது அதன் பெயர். ஆங்கிலத்தின் முன்னே அது சிறுகச் சிறுகத் தேய்ந்தது. பிள்ளைகள் முன்னேற வேண்டுமெனில் ஆங்கிலம் போதும் என்று பெற்றோர் எண்ணினர். மாங்ஸைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதராகிய நெட் மட்ரெல் என்ற மீனவர் 1974 டிசம்பரில் காலமானார். அடுத்த ஆண்டு, 1975-இல், பயணிகள் குறைந்தனர் என்று அம்மின்சார இரயிலின் வடபாதியும் மூடப்பட்டது. லாக்ஸிக்கு அப்பால் வண்டி இல்லை.

அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் ஒரு சிறு தீவு தன் மொழியையும் தன் பாதையின் பாதியையும் இழந்தது. உலகம் இவ்விரண்டையும் முடிந்த கதை என்றே கருதியிருக்கும். ஆனால் தீவு மக்கள் கையை நீட்டினர். இரயிலை மீண்டும் விடவேண்டும் என்று வற்புறுத்தினர். 1977-இல் ராம்சி வரை வண்டி மீண்டும் ஓடியது. மொழியைப் பொறுத்தவரை, முதியோரின் பேச்சை ஒலிப்பதிவு செய்துவைத்தவர்களும், அவர்களிடம் நேரில் சென்று கற்றவர்களும் இருந்தனர். அந்தப் பதிவுகளே பாலமாயின. 2001-இல் மாங்ஸ் வழியில் பாடம் நடத்தும் தொடக்கப்பள்ளி தோன்றியது.

2009-இல் யுனெஸ்கோ தன் மொழிகள் வரைபடத்தில் மாங்ஸை அழிந்த மொழி எனக் குறித்தது. அப்பள்ளியின் பிள்ளைகள் யுனெஸ்கோவுக்குக் கடிதம் எழுதினர். எம் மொழி அழிந்துவிட்டதெனில் இக்கடிதத்தை எந்த மொழியில் எழுதுகிறோம் என்பது அவர்கள் கேட்டதன் சாரம். கடிதத்தை மாங்ஸ் மொழியிலேயே எழுதியிருந்தனர். யுனெஸ்கோ தன் குறிப்பைத் திருத்திக்கொண்டது. 2021-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2,200 பேர் அம்மொழியை ஓரளவேனும் அறிந்தவர்களாகத் தம்மைப் பதிந்துள்ளனர்.

பெரியோர்களே, அப்பிள்ளைகள் செய்தது கைகாட்டு நிறுத்தத்தில் நிற்பவர் செய்வதேயாகும். நாங்கள் இங்கே நிற்கிறோம், எங்களைக் கடந்து போகாதீர்கள் என்று அவர்கள் சொன்னார்கள். இருட்டில் நின்று கையை மடக்கிக்கொண்டு, வண்டி நிற்கவில்லையே என்று அவர்கள் நொந்துகொள்ளவில்லை.

நம் வீட்டுக்கு அருகில் ஒரு பாடம்

தமிழ் எட்டுக் கோடிக்கு அருகிலான மக்கள் பேசும் மொழி; அதற்கு மேன் தீவின் நிலை வாராது என்று சிலர் கூறலாம். உலகத் தமிழுக்கு அது வாராதிருக்கலாம். ஓர் ஊரின் தமிழுக்கு வரும். இதற்குச் சான்று தேட நாம் மலாக்காவைவிட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை.

மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகரின் வழித்தோன்றல்களே மலாக்காச் செட்டிகள். 1781-இல் எழுப்பப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. சமயத்தையும் பொங்கலையும் முன்னோர் வழிபாட்டையும் அவர்கள் கைவிடவில்லை. அவர்கள் இன்றும் காத்துவரும் மரபுகளைக் கண்டு நாம் தலைவணங்க வேண்டும். ஆயினும் அவர்கள் வீட்டில் வழங்கும் மொழி, தமிழ்ச் சொற்கள் சில கலந்த மலாய்மொழியாகிவிட்டது. இதில் அவர்கள்மேல் குறைகூற ஒன்றுமில்லை. கப்பல் வருவது நின்றது; தமிழ்ப்பள்ளி அவர்களுக்கு இருக்கவில்லை; மணவுறவுகள் மாறின. கேட்பதற்கு வழியில்லாத காலத்தில் வண்டி கடந்துபோயிற்று. நமக்கோ கேட்பதற்கு வழி இருக்கிறது. ஆகவே நாம் கேளாமலிருந்தால் அதற்குக் காரணம் சொல்ல இயலாது.

பத்துப் பிள்ளைகள்

நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் எவ்வாறு தோன்றின என்பதை நினைத்துப் பார்ப்போம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. அப்பள்ளிகள் எத்தகையவை என்பது நமக்குத் தெரியும். லயத்தின் ஓர் அறை, ஆயாக்கொட்டகையின் ஒரு பக்கம், கோயில் மண்டபம் இவையே வகுப்புகள். கங்காணியோ கிராணியோ வாத்தியாரான இடங்களும் உண்டு. குறைகள் பல. ஆனால் அதன் அடிப்படை கவனிக்கத்தக்கது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி உண்டு. பத்துக் கைகள் எழுந்தால் வண்டி நிற்கும்.

பின்னர்க் காலம் மாறியது. ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் வந்தது. துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அத்துயரத்துக்கு மருந்தாகவே. அதன்பின் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவைப்படவில்லை. லயங்கள் காலியாயின. மக்கள் ஜாசினுக்கும் மெர்லிமாவுக்கும் மலாக்கா நகருக்கும், சிரம்பானுக்கும் ஜொகூருக்கும் பெயர்ந்தனர். பள்ளிகளோ பல இடங்களில் இருந்த இடத்திலேயே இருந்தன.

இன்று மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பல, தோட்டம் மறைந்தபின்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்பவை. கெமெண்டோர், டைமண்ட் ஜூபிலி போன்ற பெயர்களைக் கேட்டால் இளையோருக்கு அவை பள்ளிப் பெயர்கள். முதியோருக்கோ அவை வாழ்ந்த மண். மின்தொடர் வண்டி நில்லாது கடக்கும் தெபோங்கிலும் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பத்தாங் மலாக்காவிலும் இருக்கிறது; புலாவ் செபாங்கிலும் இருக்கிறது. கம்பிச் சடக்கு வரைந்த கோட்டின்மேல் இன்றும் தமிழ் ஒலிக்கும் இடங்கள் இவை.

நம் நாட்டில் 150-க்கும் குறைந்த மாணவரைக் கொண்ட பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்துவர். தமிழ்ப்பள்ளிகளுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. இப்பள்ளிகளின் உயிர் ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டு மாணவர் பதிவில் இருக்கிறது. கட்டடத்துக்கு வண்ணம் பூசுவதாலும் ஆண்டுவிழாவில் முழங்குவதாலும் பள்ளி நில்லாது. ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரைப் பதிகிறாரே, அந்தக் கையெழுத்துதான் பாதையோரம் நீளும் கை. அக்கை நீளாத ஆண்டுகள் தொடர்ந்து வருமாயின், எவரும் தீங்கு நினையாமலே அட்டவணையிலிருந்து அவ்விடம் விழுந்துவிடும்.

இதில் பெற்றோரைக் கடிந்துகொள்ள நாம் வரவில்லை. பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்து, காலையில் இருவரும் வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு, பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் பள்ளி எட்டாத தூரம். அருகிலிருக்கும் தேசியப்பள்ளி எளிது. நிறுத்தத்தை வைத்துக்கொள்ள ஆகும் செலவைக் குறைத்தமையால் அன்றோ மேன் தீவில் அது வாழ்கிறது! ஏறுவது எளிதாக, படியைத் தாழ்த்த வேண்டும். பள்ளி வேன் ஏற்பாடு, வேலை முடியும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாலை வகுப்பு, பாலர் பள்ளி ஆகியவையே நமக்குத் தாழ்ந்த படிப்பலகைகள். முன்னாள் மாணவர்களும் கோயில் நிர்வாகங்களும் மனம் வைத்தால் இவை இயலாதனவல்ல.

நாம் செய்ய வேண்டுவன

இவ்வுரையை மூன்று வேண்டுகோளோடு நிறைவு செய்ய விழைகிறோம்.

முதலாவது, இடப்பெயர்ப் பதிவு. நம் தோட்டங்கள் பலவற்றுக்குப் பதிவேட்டில் ஒரு பெயரும் தமிழர் வாயில் வேறொரு பெயரும் வழங்கின. டிவிஷன்களுக்கும், ஆற்றுத் துறைகளுக்கும், சடக்கு முனைகளுக்கும், வண்டி நின்ற இடங்களுக்கும் அவ்வாறே. அவற்றை எந்த வரைபடமும் தாங்கவில்லை. மாநிலத்தின் 21 பள்ளிகளும் தத்தம் சுற்றுவட்டத்துப் பெயர்களை, வீட்டிலுள்ள தாத்தா பாட்டியரிடம் கேட்டு, மாணவரைக்கொண்டே எழுதச் செய்தல் வேண்டும். எழுதுவதோடு அவர்தம் குரலையும் பதிந்துவைத்தல் வேண்டும். மாங்ஸ் மொழியை மீட்டவை அத்தகைய பதிவுகளே. இன்று ஒவ்வொரு மாணவரின் வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது; கருவி இல்லை என்று சொல்ல நமக்கு வாய்ப்பில்லை.

இரண்டாவது, தோட்டச் சொற்களின் பதிவு. கம்பிச் சடக்கு, பெரட்டு, தண்டல், கிராணி, லயம் ஆகியவற்றைக் கொச்சை என்று நாம் நெடுங்காலம் ஒதுக்கினோம். அவற்றுள் இந்தியும் மலாயும் ஆங்கிலமும் கலந்திருக்கலாம். ஆயினும் அவை ஒரு மக்கள் கூட்டம் தன் வாழ்வைத் தானே பெயரிட்டுக்கொண்ட சொற்கள். மேடையில் தூய தமிழ் பேசுவோம். அகராதியில் இவற்றுக்கும் இடம் கொடுப்போம்.

மூன்றாவது, கேட்கும் பழக்கம். அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதக்கூடிய இடத்தில் தமிழில் எழுதுவோம். நூலகத்தில் தமிழ் நூலைக் கேட்டு வாங்குவோம். இல்லையெனில் வரவழைக்கக் கேட்போம். கேட்பார் இல்லாத பொருளை எந்த நிர்வாகமும் வைத்திராது. நமக்குத் தேவை என்பதை நம்மைத் தவிர வேறெவர் சொல்வார்?

அவையோரே, மலாக்காவின் பழைய கிளைப்பாதை மீண்டும் வருமா என்பது நம் கையில் இல்லை. தெபோங்கில் மின்தொடர் வண்டி நிற்பதும் நம் கையில் இல்லை. தெபோங்கின் தமிழ்ப்பள்ளியில் அடுத்த ஆண்டு எத்தனைப் பிள்ளைகள் அமர்வர் என்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. அந்தக் கையை நாம் மடக்கி வைத்திருக்கலாகாது.